கல்கண்டுத் தோட்டா

என் வீட்டுக்காரர் அஷ்ஃபாக்கைப் பற்றி என் உம்மா ஒன்று சொல்வார்: வாய் மட்டும் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று. உம்மா சொன்னது பாதிதான் சரி. அந்த வாய் இருந்ததால்தான் அவரைப் போலீஸ் தூக்கிக்கொண்டு போனது.

ரங்கூனில் தாமுவே மார்க்கெட்டுக்குப் பின்னால் எங்களுக்குக் கல்யாணச் சாமான் கடை. மாப்பிள்ளை மாலை, ஜிகினா, காகிதப் பூ, அத்தர், பொரி, கல்கண்டு, பேரீச்சம்பழம் எல்லாம் வைத்திருந்தோம். பர்மாக்காரர் கல்யாணத்துக்கு வெள்ளிக் கிண்ணமும் கம்பளமும் வாடகைக்குக் கொடுப்போம். கடையை நடத்துகிறவள் நான். அஷ்ஃபாக் யோசனை சொல்கிறவர். ஒரு தடவை மாப்பிள்ளை தலைப்பாகைக்குள் பேட்டரி விளக்கு வைத்தார். நிக்காஹ் நடந்துகொண்டிருக்கும்போதே தலைப்பாகையிலிருந்து புகை வந்தது. மாப்பிள்ளை பொறுமைசாலி, பிழைத்தோம்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம், மழை தொடங்குவதற்குச் சற்று முன்னால், டோ கின் யீ என்ற அம்மாள் கடைக்கு வந்தார். அலோன் ஆற்றங்கரையில் மரக்கிடங்கு வைத்திருக்கும் பெரிய இடம். மகளுக்குக் கல்யாணம். பௌத்தர்களுக்கு நோன்புக் காலம் பிறந்துவிட்டால் மூன்று மாதம் கல்யாணம் கிடையாது. அதனால் அவசரத்தில் இருந்தார். அவருடைய தம்பி பாங்காக்கிலிருந்து ஒரு வேடிக்கைச் சாமான் கொண்டுவந்திருந்தார். பார்த்தால் வேட்டைத் துப்பாக்கித் தோட்டா. ஆனால் உள்ளே ஈயக் குண்டு கிடையாது. ஒன்றில் பட்டு நாடா, ஒன்றில் கோழி இறகு, இன்னொன்றில் கலர் மாவு. ஆகாயத்தைப் பார்த்துச் சுட்டால் அப்படியே விரியுமாம்.

"பொண்ணும் மாப்பிள்ளையும் வெளிய வரும்போது இதச் சுடணும். கையில கொஞ்சந்தான் மிச்சம். இதே மாதிரி ஒரு பெட்டி செஞ்சு தருவீங்களா?" என்று பர்மியத்தில் கேட்டார்.

தன்லியின் ஊருக்குப் போகும் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சுடும் மைதானம் இருந்தது. அங்கே சுட்டுப் போட்ட வெறும் தோட்டாக் கூடுகளை வாங்கி அனுப்புவதாகச் சொன்னார். கல்யாணத்தன்று சுடுவதற்கும் அங்கிருந்தே ஆள் வருவாராம். அனுமதியெல்லாம் தன் பொறுப்பு என்றார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அஷ்ஃபாக் "செஞ்சிரலாம்" என்றார்.

செய்யும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? நான் ரோஸ் காகிதத்தை இதழ் இதழாக வெட்டிக் கொடுத்தேன். அவர் பின்கட்டில் உட்கார்ந்து பட்டாசு மருந்து துளி, மேலே ஒரு தக்கை, அதற்கு மேலே சரக்கு என்று சிவப்புக் கூடுகளை அடைத்தார். ஒன்றில் காகித இதழும் பொரியும் போட்டார். இன்னொன்றில் அத்தர் நனைத்த பஞ்சு. "வெடிச்சா வாசம் வரணும் நூரு, இது பாங்காக்குக்காரனுக்குத் தோணல பாரு" என்று பூரித்துப்போனார்.

அதோடு நின்றிருக்கலாம். தேநீர்க் கடைக்குப் போய், நாலு பேர் நடுவில், "நான் இப்ப தோட்டா செய்றேன்" என்று பெருமையடித்தார். அதையும் பர்மியத்தில் சொன்னார். எண்பத்தெட்டில் தெருவில் ராணுவம் சுட்டதற்குப் பிறகு எங்கள் ஊரில் சைக்கிள் டயர் வெடித்தாலே ஜன்னலைச் சாத்துவார்கள். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, சமோசாவைக் கடித்தபடி, தோட்டா செய்கிறேன் என்றிருக்கிறார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது அவருக்காகவே சொன்ன பழமொழி.

மறுநாள் உச்சி வெயிலில் போலீஸ் வந்தது. பெட்டியையும் எடுத்தார்கள், அவரையும் எடுத்தார்கள். நான் அழுதுகொண்டே அலோனுக்கு ஓடினேன். டோ கின் யீ வாசல் வரைக்கும் வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு, "எந்தத் தோட்டா? நான் மாலைக்குத்தானே சொன்னேன்" என்றார். அவரைக் கோபிக்கவும் எனக்கு நேரமில்லை.

எங்கள் பேட்டை ஸ்டேஷனில் பெரியவர் உ மியின் லுவின் என்ற இன்ஸ்பெக்டர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. நல்லவர் என்று நம்பி நிம்மதியாக உட்காரவும் முடியாது. என்னை நிற்க வைத்தே பேசினார்.

"மா நூரு, உள்ள குண்டு இருந்தா அது ஆயுதம். உங்க வீட்டுக்காரர் வெளிய வர வருஷக்கணக்கு ஆகும். குண்டு இல்லேன்னா அது கல்யாணச் சாமான். ரெண்டுல ஒண்ணு."

"பிரிச்சுப் பாருங்க சயா. பொரிதான் இருக்கு, பூதான் இருக்கு" என்றேன். பர்மியத்தில் ஐயாவுக்கும் வாத்தியாருக்கும் சயாதான்.

"பிரிக்கும்போது என் கையில வெடிச்சா? வேணாம். அந்த மைதானத்துக்கே கொண்டுபோய் சுட்டுப் பாப்போம். ஒரு வாழ மரத்த வெட்டி நட்டு வைக்கச் சொல்றேன். அதுல ஒரு ஓட்டை விழுந்தாலும் கேஸ். விழலேன்னா அன்னிக்கே அவர வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நீங்களும் வந்து கண்ணால பாருங்க. அப்புறம் போலீஸ் பொய் சொல்லுதுன்னு யாரும் சொல்லக் கூடாது."

எனக்குக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. பொரியும் காகிதமும் வாழை மரத்தை என்ன செய்துவிடும்? அந்தச் சந்தோஷத்தோடு தேங்காய்ச் சோறு ஆக்கி, லாக்கப்புக்குக் கொண்டுபோய், கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்த அஷ்ஃபாக்கிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சோற்றில் கை வைக்கவில்லை.

"நூரு. எல்லாத்திலயும் பொரியும் பூவும் இல்ல."

"வேற என்ன மச்சான்?"

"கொஞ்சத்தில கல்கண்டு போட்டுட்டேன்."

நான் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"நம்ம நிக்காஹ்ல கபூல்னு சம்மதம் சொன்னதும் கல்கண்டும் பேரீச்சம்பழமும் அள்ளி எறியிறோமில்ல? ஆகாசத்திலேர்ந்து இனிப்பு விழாம அது என்ன கல்யாணம்? வெறும் காகிதம் பறந்தா பட்டம் விடுறாப்புலல்ல இருக்கும். அதான்..."

"பேரீச்சம்பழம் போடலியா?"

"கொட்டை இருக்குமே. யார் மேலயாச்சும் பட்டாக் காயமாயிருமேன்னு விட்டுட்டேன்."

அவர் கேலி பேசவில்லை. மெய்யாகவே அப்படித்தான் யோசித்திருக்கிறார். கொட்டைக்குப் பயந்தவர் கல்லைப் போட்டு அடைத்திருக்கிறார்.

"கல்கண்டுத் தோட்டா எதுன்னு அடையாளம் இருக்கா?"

"எல்லாம் ஒரே செவப்புத்தான்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. ரங்கூன் மழை எங்கள் சரக்குக்கெல்லாம் சத்துரு. கடையில் கல்கண்டு ஜாடியைத் திறந்தேன். ஈரத்தில் கசிந்து, துண்டெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, ஜாடி வடிவத்துக்கு ஒரே கட்டியாக இறுகியிருந்தது. வருஷாவருஷம் நடப்பதுதான், வழக்கம்போல உலக்கையால் உடைக்கலாம் என்று வெளியே எடுத்தேன். கை நழுவிக் கீழே விழுந்தது. கட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. தரையில் சிமெண்டு விரிசல் கண்டுவிட்டது.

அந்த விரிசலைப் பார்த்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஸ்டேஷனில் இருக்கும் பெட்டிக்குள்ளும் இதே மழைதானே, இதே ஈரம்தானே. உதிரியாகப் போட்ட கல்கண்டு அங்கேயும் கூட்டுக்குள் இறுகிக் கட்டியாகியிருக்கும். இனி அது இனிப்பு இல்லை, குண்டுதான். உ மியின் லுவினிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சொல்லி என்ன? உள்ளே சீனி இருந்தால் என்ன, ஈயம் இருந்தால் என்ன, வாழை மரத்தில் ஓட்டை விழுந்தால் கேஸ் என்று சொல்லிவிட்டாரே. அன்று கடையைத் திறக்கவில்லை.

சோதனை நாளன்று போலீஸ் ஜீப்பில் என்னை ஏற்றிக்கொண்டார்கள். உ மியின் லுவின் முன்னால் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்திருந்தார், யாரோ சம்பந்தி வீட்டுச் சீர் கொண்டுபோகிற மாதிரி. பாலத்தைத் தாண்டும்போது ஆற்றைப் பார்த்து குர்ஆனின் யாசீன் ஓதிக்கொண்டே போனேன்.

மைதானம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு தகரக் கொட்டகை, புல்வெளி, எதிரே உயரமான மணல்மேடு. மணல்மேட்டுக்கு முன்னால் இரண்டு வேலையாட்கள் குழி தோண்டி வாழை மரத்தை நட்டுக்கொண்டிருந்தார்கள். குலை தள்ளாத இளமரம். கல்யாண வாசலில் கட்ட வேண்டியது. கொட்டகைச் சுவரில் வரிசையாகப் போட்டோக்கள். எல்லாவற்றிலும் ஒரே ஆள், கையில் ஒரு கோப்பை. போட்டோவில் இருந்தவரே கீழே நாற்காலியில் உட்கார்ந்து துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நரைத்த மீசை, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, கழுத்தில் மாதா படம் போட்ட சங்கிலி.

"இவர்தான் சயா அகஸ்டின். இங்க எல்லாருக்கும் சுடச் சொல்லிக் குடுக்கிறவர். இவர் குறி தப்பினதே கிடையாது" என்றார் உ மியின் லுவின். அகஸ்டின் அதை மறுக்கவில்லை. இன்ஸ்பெக்டர் மரம் சரியாக நடப்பட்டிருக்கிறதா என்று பார்க்கப் போனார்.

சங்கிலியைப் பார்த்தும் பெயரைக் கேட்டும் எனக்கு ஒரு நப்பாசை. மெதுவாகத் தமிழில் கேட்டேன்.

"அண்ணே, நீங்க தமிழா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஆமா. நீ யாரு தங்கச்சி?"

எனக்கு நேரமில்லை. பெட்டியில் என்ன இருக்கிறது, கல்கண்டு எப்படி இறுகும், ஓட்டை விழுந்தால் என் வீட்டுக்காரர் என்ன ஆவார் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். கடைசியில், "கொஞ்சம் தள்ளிச் சுட்டுருங்க அண்ணே. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்றேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது.

"தங்கச்சி, கோயில்ல பூசை வைக்கிற சாமியார்கிட்டப் போயி, இன்னிக்கு மட்டும் பூசைய மாத்தி வையுங்கன்னு கேப்பியா?"

"கேக்க மாட்டேன் அண்ணே."

"இந்த மைதானத்தில அகஸ்டின் தப்பினான்னு ஒரு குருவி சொல்லட்டும், துப்பாக்கியக் கீழ வச்சிட்டுப் போயிர்றேன். உன் வீட்டுக்காரன் செஞ்ச கூத்துக்கு நான் என்ன பண்ணுவேன்? எது வருதோ அதத்தான் சுடுவேன், எங்க சுடணுமோ அங்கதான் சுடுவேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மனிதனுடைய ஆயுசு பெரிதா, மீசை பெரிதா என்று கேட்டிருப்பேன். இன்ஸ்பெக்டர் திரும்பி வந்துகொண்டிருந்தார். நாக்கைக் கடித்துக்கொண்டேன். இன்னொரு தடவை கெஞ்சுவதில்லை என்று முடிவும் செய்துகொண்டேன்.

உ மியின் லுவின் பெட்டியைத் திறந்து, பார்க்காமலே ஒரு தோட்டாவை எடுத்துக் கொடுத்தார். அகஸ்டின் துப்பாக்கியில் போட்டு, தோளில் வைத்து, ஒரு தடவைதான் மூச்சு விட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

வெடித்தது. கண்ணைத் திறந்தால் வாழை மரத்தைச் சுற்றி ரோஸ் காகிதமும் பொரியும் பறந்துகொண்டிருந்தன. நான் வெட்டிக் கொடுத்த இதழ்கள். காற்று திரும்பி அடித்து, பாதி இன்ஸ்பெக்டர் தொப்பியில் வந்து உட்கார்ந்தது. வேலையாட்கள் கைதட்டினார்கள். எங்கிருந்தோ காக்கைகள் வந்து, இத்தனை பேர் நிற்கிறோமே என்று கூடப் பார்க்காமல் பொரியைப் பொறுக்கத் தொடங்கின. ரங்கூன் காக்கைக்குத் துப்பாக்கிக்கெல்லாம் பயம் கிடையாது.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் உ மியின் லுவின். தொப்பியைத் தட்டாமலே அடுத்ததை எடுத்தார்.

இரண்டாவது வெடித்ததும் மைதானம் முழுவதும் அத்தர் வாசனை. மரத்தில் ஒரு கீறல் இல்லை. வேலையாள் ஒருவன் மூக்கை உயர்த்தி இழுத்தான். இன்ஸ்பெக்டர் தன் சட்டைக் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதோட வீட்டுக்குப் போனா என் பொண்டாட்டி என்னை லாக்கப்புல வைப்பா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து பயமும் வந்தது. பொரி போய்விட்டது, பஞ்சு போய்விட்டது, மிச்சம் என்ன என்று எனக்கல்லவா தெரியும்.

மூன்றாவதை எடுக்கப் பெட்டியின் மூலையில் கையை விட்டவர், "அடச்சே" என்று உதறினார். மணிக்கட்டு வரைக்கும் எறும்பு. நெருப்பெறும்பு. தோட்டாவை எடுத்து ஊதிக் கொடுத்தார். அகஸ்டின் முகத்தைச் சுளித்துக்கொண்டு சுட்டார். சத்தம் கூடச் சரியாக வரவில்லை, புஸ் என்று கறுப்பாக ஏதோ தூவியது. இன்ஸ்பெக்டர் மரத்தருகே போய்க் குனிந்து பார்த்தார். நானும் ஓடினேன். வாழை மட்டையில் பத்துப் பதினைந்து செத்த எறும்புகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஓட்டை இல்லை.

"மா நூரு, எறும்பையா அடைச்சீங்க?"

இனி மறைத்துப் பயனில்லை. "கல்கண்டு சயா. எங்க கல்யாணத்தில இனிப்பு எறியிறது வழக்கம். அதனால அவரு போட்டுட்டாரு. அத எறும்பு தின்னுட்டுது போல."

உ மியின் லுவின் செத்த எறும்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அப்படி ஒரு சிரிப்பு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எங்க ஸ்டேஷன் எறும்பு! சீனி டப்பா பக்கத்திலதான் பெட்டிய வச்சிருந்தோம். சாட்சியத் தின்னுட்டுதுங்க!"

ஸ்டேஷன் எறும்புகளுக்கெல்லாம் ஆயுசு கெட்டியாக இருக்கட்டும் என்று மனசுக்குள் துஆ கேட்டேன். ஜாடியைப் பார்த்துப் பயந்தேனே, ஈரத்துக்கு முன்னால் எறும்பு முந்திக்கொண்டதே என்று நினைத்தபோது, அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது.

"சரி, கடைசியா இன்னும் ஒண்ணு. அதோட முடிச்சிடுவோம்" என்றார் அவர். இந்தத் தடவை எறும்பு கடிக்காத இடமாகப் பார்த்து, பெட்டியின் நடுவிலிருந்து, அடியில் கிடந்த ஒன்றை எடுத்தார்.

எறும்பு கடிக்காத இடம் என்றால் எறும்பு போகாத இடம். அது எனக்கு உடனே உறைத்தது.

அகஸ்டின் அதைக் கையில் வாங்கினார். வாங்கிய கை சற்றே இறங்கியது. மற்ற மூன்றுக்கும் அப்படி இறங்கவில்லை. காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினார். பொரியென்றால் சலசலக்கும். இது சலசலக்கவில்லை. அவர் தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார்.

நான் கெஞ்சவில்லை, தலையசைக்கவில்லை. என்னால் முடிந்ததெல்லாம் கையைக் கோத்துப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான். லாக்கப்புக் கம்பிக்குப் பின்னால் தலையைக் குனிந்த அஷ்ஃபாக்தான் கண்ணுக்குள் நின்றார். அந்த வாயாடி மனிதர் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை: அவர் மேல் எனக்கு அத்தனை ஆசை இருந்தது அதுவரை எனக்கே தெரியாது.

அகஸ்டின் தோட்டாவைப் போட்டார். தோளில் வைத்தார். முதல் மூன்றுக்கும் மூச்சு விட்டதும் சுட்டவர், இதற்கு வெகுநேரம் நின்றார். வேலையாட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வெடித்தது.

வாழை மரம் அசையவில்லை. அதற்குப் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி, மணல்மேடு பொத்தென்று குழிந்து ஈர மண் சிதறியது. காக்கைகள் இந்தத் தடவை எழுந்து பறந்தன.

ஒரு வேலையாள் முதலில் மெதுவாக, பிறகு அடக்க முடியாமல் சிரித்தான். உ மியின் லுவின் மணல்மேட்டைப் பார்த்தார், வாழை மரத்தைப் பார்த்தார், கடைசியில் அகஸ்டினைப் பார்த்தார்.

"சயா அகஸ்டின், நீங்க குறி தப்பி நான் பாத்ததே இல்லியே."

"இன்னிக்குப் பாத்துட்டீங்க" என்றார் அகஸ்டின்.

இன்ஸ்பெக்டர் கை பெட்டி மேல் இருந்தது. இன்னொன்றை எடுத்தால் என் கதை முடிந்தது. அவர் எடுக்கவில்லை. தொப்பியைக் கழற்றி, ஒட்டியிருந்த காகித இதழ்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டார். பிறகு மரத்தருகே நடந்து போய், மட்டையை மேலிருந்து கீழ்வரை உள்ளங்கையால் தடவினார். பக்கத்திலேயே இருந்த மணல்மேட்டை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"மரத்தில ஓட்டை இல்ல. நான் சொன்னது மரத்தைத்தான். மழை வருது, மிச்சத்தையெல்லாம் தண்ணித் தொட்டியில போட்டு ஊற வச்சு அழிச்சிடுங்க. மா நூரு, சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வந்து வீட்டுக்காரரக் கூட்டிட்டுப் போங்க. வாய மூடிக்கிட்டு இருக்கச் சொல்லுங்க."

மழை மெய்யாகவே வந்தது. அவர் ஜீப்புக்குப் போனார். நான் கொட்டகையில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்கக் கண்ணீர் வந்துகொண்டேயிருந்தது. நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. வேலையாட்கள் தோட்டாக்களைத் தொட்டியில் போட்டபடி, "குருவி சொல்லிடுச்சு, குருவி சொல்லிடுச்சு" என்று பர்மியத்தில் பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அகஸ்டினுடைய சவடாலை அவர்களும் பல தடவை கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது.

அகஸ்டின் மழையோடு மணல்மேட்டுப் பக்கம் போய்த் திரும்பி வந்தார். இஸ்திரி போட்ட சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"அண்ணே, எப்படி..."

"நான் ஒண்ணும் உனக்காகத் தப்பல" என்று வெடுக்கென்றார். "கை நடுங்கிருச்சு. வயசாயிருச்சு. அவ்வளவுதான்."

"சரி அண்ணே."

"இனிமே இவனுங்க வாய என்னால மூட முடியாது. மூணு தலமுறைக்குச் சொல்லுவானுங்க." சுவரிலிருந்த போட்டோக்களை ஒரு தடவை பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் எதையோ வைத்து மூடினார். "இத உன் வீட்டுக்காரன்கிட்டக் குடு. வீட்டுக்குப் போற வரைக்கும் கையத் திறக்காத."

கையைத் திறக்காமலே அது என்னவென்று எனக்குத் தெரிந்தது. ஒரு பக்கம் சப்பையாகி, மண் ஒட்டி, கோலிக்குண்டு அளவில், கல்லாக இருந்தது.

சாயங்காலம் அஷ்ஃபாக் வீட்டுக்கு வந்தார். குளித்தார், கைலி மாற்றினார், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் வாய் திறந்துகொண்டது.

"நான் அப்பவே சொன்னேன் நூரு. நம்ம தோட்டா ஒரு பூச்சியக் கூடக் கொல்லாது. இந்த எறும்பு சமாச்சாரத்த நெனச்சா எனக்கு ஒரு யோசன தோணுது..."

நான் அடுப்படிக்குப் போய், பால் இல்லாத தேத்தண்ணீர் போட்டு, பெரிய கிளாசில் ஊற்றி, கரண்டியோடு கொண்டுவந்து வைத்தேன். அவர் பேசிக்கொண்டே கலக்கினார். கிளாசுக்குள் டொக், டொக் என்று சத்தம் வந்தது.

"என்ன நூரு, சீனி கரையவே மாட்டேங்குது?"

கரண்டியால் தூக்கிப் பார்த்தார். நான் அதைக் கழுவித்தான் போட்டிருந்தேன். இருந்தாலும் சப்பையான பக்கத்தில் மணல் நறநறவென்று பதிந்திருந்தது. அவர் அதை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வாழ மரத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போச்சு" என்றேன். "அந்த ஒரு சாணுக்கு ஒரு மனுஷன் தன் பேரக் குடுத்திருக்காரு."

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதரிடம் சொல் இல்லாமல் போனதை அன்றுதான் பார்த்தேன். நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் முழங்காலில் கை வைத்துக்கொண்டேன்.

"கரையிற வரைக்கும் கலக்குங்க மச்சான்."

அவர் கலக்கினார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது, உள்ளே டொக் டொக் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டு வந்தது. கடைசியில் சத்தம் நின்றது. ஆறிப்போன தேத்தண்ணீரை அடியில் கிடந்த மணலோடு சேர்த்து முழுவதையும் குடித்தார்.